கூடைக்கு என்ன விலை?

கதிர்காமத்து ஆடித் திருவிழாவுக்கோ பதுளைப் பெரஹராவுக்கோ வயர் கூடை பின்னி விற்கப் போகும் தோட்டத்து அக்காமாரோடு இன்று ஒரு கணக்குப் பேச வேண்டும்.

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,000 ரூபாயிலிருந்து 1,350 ஆனது. எத்தனை வருசப் போராட்டம் அது! அந்தச் சம்பளத்தையே அளவாக வைப்போம். ஒரு கூடை பின்ன நாலு மணி நேரம், அதாவது அரைநாள் என்றால் கூலி 675 ரூபாய். வயருக்கு 500 என்று வையுங்கள். பஸ் காசும் கடை வாடகையும் 3,000, கொண்டுபோவது இருபது கூடை என்றால் கூடைக்கு 150. மொத்தம் 1,325.

“எண்ணூறுக்குத் தாங்களேன்” என்பார்கள் வாங்க வருகிறவர்கள். கொடுத்தால் அரைநாள் உழைப்புக்கு மிஞ்சுவது வெறும் 150 ரூபாய். கொழுந்து மலையில் இந்தக் கூலிக்கு யாராவது இறங்குவார்களா? வீட்டில் உட்கார்ந்து பின்னுவதும் வேலைதான். மாலையில் கூட்டம் கலையும்போது கை பதறும். அப்போதும் 1,325-க்குக் கீழே இறங்காதீர்கள். விற்காத கூடை கெட்டுப்போகாது, அடுத்த திருவிழாவுக்கு ஆகும்.

வாங்கப் போகிறவர்களே, பிளாஸ்டிக் வாளிக்குப் பேரம் பேசுவதுபோல் இவர்களிடம் பேசாதீர்கள். கேட்ட விலையைக் கொடுங்கள்.