கோவேறு கழுதை ஓட்டியவர் அளந்த வானம்

(யானைக்கவுனியில், கல்லூரிப் பரீட்சைக்குத் தயாராகும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஆலைத் தோழர்களும் கூடிய படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)



வான சாஸ்திரப் பரீட்சை நெருங்கி விட்டது. நட்சத்திர மண்டலங்கள், பிரபஞ்சத்தின் தோற்றம் ஆகிய இரண்டு பாடங்களும்தான் பயமுறுத்துகின்றன என்று பிள்ளைகள் சொன்னார்கள். அவர்களுடைய நோட்டுகளை வாங்கிப் பார்த்தேன். நமது மண்டலத்தின் குறுக்களவு சுமார் 1 லட்சம் ஒளியாண்டு, பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு என்று பக்கம் பக்கமாக எண்கள். நெட்டுருப் போடுவதற்கென்றே எழுதி வைத்தாற் போல் இருக்கின்றன.

பத்தாவதோடு நின்ற நான் பாடம் நடத்த வரவில்லை. ஒரே ஒரு வழி சொல்ல வந்தேன். ஒவ்வொரு எண்ணையும் நிறுத்தி வைத்து விசாரியுங்கள். இதை அளந்தது யார்? எந்தக் கருவியைக் கொண்டு? எதை நம்பி? விசாரித்தால் எண் மனதில் தங்கும். விசாரிக்காத எண் பரீட்சை மண்டபத்தின் வாசலிலேயே நின்று விடும்.

கூலியும் போனசும் பேச வேண்டிய இடத்தில் நட்சத்திரம் எதற்கு என்று ஓர் ஆலைத் தோழர் கேட்டார். 1923-ல் இதே சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய தோழர் சிங்காரவேலர்தான் 1930-களில் ‘குடி அரசு’ ஏட்டில் தமிழில் விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதினார். அவர் இரண்டையும் ஒரே வேலையாகத்தான் செய்தார்.

இனி விஷயத்துக்கு வருவோம். வால்டாக்ஸ் ரோட்டில் இரவில் நின்று பாருங்கள். வரிசையாகத் தெரு விளக்குகள். எல்லாம் ஒரே சக்தியுள்ள விளக்குகள். ஆனால் தூரத்து விளக்கு மங்கலாகத் தெரிகிறது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகக் குறையும். ஆகவே விளக்கின் உண்மையான சக்தி தெரிந்தால், மங்கலை வைத்துத் தூரத்தைச் சொல்லி விடலாம். ஆனால் வானத்து விளக்கின் சக்தியை யார் எழுதி ஒட்டி வைத்திருக்கிறார்கள்?

அதைக் கண்டுபிடித்தவர் ஹென்ரியட்டா லீவிட் என்ற பெண். அமெரிக்காவில் ஹார்வர்டு வான ஆய்வு நிலையத்தில் புகைப்படக் கண்ணாடித் தகடுகளில் நட்சத்திரப் புள்ளிகளை எண்ணிப் பதிவு செய்யப் பெண்களை அமர்த்தியிருந்தார்கள். தொலைநோக்கியை இயக்கும் வேலை ஆண்களுக்கு. லீவிட்டின் கூலி மணிக்கு 30 சென்ட். காதும் சரியாகக் கேட்காது. அவர் சிறிய மெகல்லன் மேகம் என்ற நட்சத்திரக் கூட்டத்தில், மாறி மாறிப் பிரகாசித்து மங்கும் 25 நட்சத்திரங்களை எடுத்துக் கணக்கிட்டார். மங்கிப் பிரகாசிக்க அதிக நாள் எடுத்துக் கொள்ளும் நட்சத்திரம் அதிக சக்தியுள்ளது என்று 1912-ல் நிலைநாட்டினார். எல்லாம் ஒரே கூட்டத்தில், ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருந்ததால்தான் இந்த ஒப்பீடு செல்லும். பரீட்சைக்கு இதைக் குறித்துக் கொள்ளுங்கள். அந்த அறிக்கை நிலையத்தின் தலைவர் பிக்கரிங்கின் பெயரில் வெளிவந்தது. தயாரித்தவர் லீவிட் என்று தொடக்கத்திலேயே அவர் குறிப்பிட்டிருந்தார் என்பதையும் நேர்மையாகச் சொல்லி விட வேண்டும்.

இந்த அளவுகோலை எடுத்துக் கொண்டுதான் ஹப்பிள் 1923-ல் ஆண்ட்ரோமீடாவில் அப்படிப்பட்ட ஒரு நட்சத்திரத்தைக் கண்டார். சுமார் 9 லட்சம் ஒளியாண்டு என்று அவருக்குக் கணக்கு வந்தது. இன்றைய கணக்கு 25 லட்சம். அவருடைய எண் தவறு, முடிவு சரி. ஆண்ட்ரோமீடா நமது மண்டலத்துக்குள் இருக்கும் புகை மூட்டமல்ல, தனி மண்டலம் என்பது தீர்ந்தது. ஆனால் லீவிட் 1921-லேயே புற்றுநோயால் இறந்து விட்டார்.

ஹப்பிளோடு வேலை செய்த மில்டன் ஹியூமசனைப் பற்றிப் பாடப் புத்தகம் அரை வரி எழுதுகிறது. பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். வில்சன் மலைக்குத் தளவாடங்கள் ஏற்றிச் சென்ற கோவேறு கழுதைகளை ஓட்டியவர். 1917-ல் அங்கே துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார். இரவில் உதவிக்கு நின்று, தொலைநோக்கியைக் கையாளக் கற்றார். மிக மங்கலான மண்டலங்களின் ஒளியைப் பல இரவுகள் தொடர்ந்து ஒரே தகட்டில் சேர்த்துப் பதிவு செய்யும் பொறுமை அவருக்கு இருந்தது. விலகி ஓடும் மண்டலங்களின் வேகங்களை அளந்ததில் பெரும் பங்கு அவருடையது. 1950-ல் ஸ்வீடனின் லண்ட் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

வேகத்தை எப்படி அளந்தார்கள்? திருவொற்றியூர் ஸ்டேஷனில் நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் வண்டியின் ஊதல், நம்மைக் கடந்ததும் சுருதி இறங்குகிறதல்லவா? விலகிப் போகும் மண்டலத்தின் ஒளியும் அதுபோலச் சிவப்புப் பக்கம் நகர்கிறது. உவமை இத்தோடு சரி. வண்டி தண்டவாளத்தின் மேல் ஓடுகிறது. மண்டலங்களின் விஷயத்தில் இடைவெளியே நீளுகிறது. இந்த வித்தியாசத்தை எழுதாமல் விட்டால் மார்க் போய் விடும்.

தூரம் கூடக் கூட வேகம் கூடும் என்பதே 1929-ல் ஹப்பிள் வெளியிட்ட விதி. ஒரு மெகாபார்செக், அதாவது 32.6 லட்சம் ஒளியாண்டுக்கு, வினாடிக்கு 70 கிலோமீட்டர் என்று வையுங்கள். வினாடிக்கு 7,000 கிலோமீட்டர் விலகும் மண்டலம் எங்கே? ஏழாயிரத்தை எழுபதால் வகுத்தால் 100 மெகாபார்செக், 32.6 கோடி ஒளியாண்டு. பீஸ் ரேட் கணக்குப் போடத் தெரிந்த எந்தத் தோழருக்கும் இது வரும். ஹப்பிள் அன்று 70-க்குப் பதில் 500 என்று வைத்தார். அப்படியானால் பிரபஞ்சத்தின் வயது வெறும் 200 கோடி ஆண்டு! பூமியின் பாறைகளே அதை விடப் பழையவை. லீவிட்டின் விளக்குகளில் இரண்டு ரகம் உண்டென்று 1952-ல் பாடே அறிவித்த பிறகுதான் அந்தச் சிக்கல் அவிழத் தொடங்கியது.

பிரபஞ்சம் விரியலாம் என்று காகிதத்தில் முதலில் கணக்கிட்டவர், 1922-ல் பெட்ரோகிராடில் இருந்த பிரீட்மன். புரட்சி நடந்த அதே நகரம். ஆனால் பின்னாளில் அதே நாட்டில், 1947-ல் தோழர் ஜதானவ், இத்தகைய கொள்கைகள் படைப்புக் கதைக்குக் கதவு திறப்பதாகச் சாடினார். 1951-ல் போப்பாண்டவரோ, இதுவே படைப்புக்குச் சாட்சி என்று மகிழ்ந்தார். இருவருமே அளவுகோலைக் கையில் எடுக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். மாமேதை மார்க்ஸின் பெயரைச் சொல்லி ஓர் அளவீட்டை மறுக்க முடியாது. பின்னர் செல்டோவிச் போன்ற சோவியத் விஞ்ஞானிகளே இந்தத் துறையில் முன்னணியில் நின்றார்கள்.

பிரபஞ்சம் என்றும் ஒரே மாதிரி இருக்கிறது என்ற எதிர்க் கொள்கையும் 1948 முதல் இருந்தது. 1965-ல் பென்சியாஸும் வில்சனும் வானமெங்கும் 2.7 டிகிரி கெல்வின் வெப்பக் கதிரைக் கண்டது அதற்குப் பெரிய அடி. அதைப் புத்தகத்தில் படித்துக் கொள்ளுங்கள். நம்முடைய ஊட்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

ஊட்டிக்கு அருகே முத்தோரையில் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-ல் ஒரு ரேடியோ தொலைநோக்கி முடிந்தது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். மலைச் சரிவு ஏறக்குறைய 11 டிகிரி. அந்த இடத்தின் அட்சரேகையும் அதுவே. ஆகவே சரிவில் கிடத்திய கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகி விட்டது. ஒரே அச்சில் சுழற்றினால் போதும், வானத்துப் பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். நெசவுத் தோழர்கள் இதைக் கவனியுங்கள்: 24 இரும்புச் சட்டங்கள், அவற்றின் மேல் பாவு ஓட்டியது போல 1,100 மெல்லிய எவர்சில்வர் கம்பிகள், ஒவ்வொன்றும் 530 மீட்டர். இதுதான் அதன் கண்ணாடி.

சந்திரன் ஒரு ரேடியோ மண்டலத்தை மறைக்கும்போது ரேடியோ அலை எப்படிக் குறைகிறது என்று பார்த்து, அந்த மண்டலத்தின் அளவைக் கணக்கிட்டார்கள். இப்படி நூற்றுக்கணக்கானவை. தொலைவில் உள்ளவை, அதாவது பழங்காலத்தவை, சிறியவையாக இருந்தன என்று 1975-ல் ஸ்வரூபும் கபாஹியும் காட்டினார்கள். அன்றைய பிரபஞ்சம் வேறு, இன்றையது வேறு. நீலகிரிச் சரிவில் கட்டிய பாவு அந்த வழக்கில் சாட்சி சொன்னது. இது உங்கள் பாடத்தில் இல்லையென்றால் நீங்களே விடைத்தாளில் எழுதுங்கள்.

வழக்கு இன்னும் முடியவில்லை. அந்த 70 என்ற எண் ஒரு முறையில் அளந்தால் 67 அளவில் வருகிறது, மற்றொரு முறையில் 73 அளவில். ஏனென்று உலகெங்கும் தகராறு நடக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரும்போது ஒவ்வொருவரும் ஒரு கணக்குப் போட்டு வாருங்கள். வினாடிக்கு 14,000 கிலோமீட்டர் விலகும் மண்டலத்தின் தூரத்தை 67 வைத்தும், 73 வைத்தும் தனித்தனியே கண்டு, இரண்டுக்கும் எத்தனை கோடி ஒளியாண்டு வித்தியாசம் என்று எழுதுங்கள். ஷிப்ட் முடிந்து வரும் தோழர்களும் போடலாம். பென்சிலும் காகிதமும் இங்கே இருக்கும்.