படுக்கையில் விழுமுன் எழுதிய கடிதம்

1791 பிப்ரவரி 24. இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்கு அப்போது 87 வயது. அன்று காலை, ஓர் ஏழை ஆப்பிரிக்கர் எழுதிய நூலைப் படித்தார். குடியேற்ற நாடுகளில் வெள்ளைக்காரருக்கு எதிராகக் கறுப்பினத்தவர் சொல்லும் சாட்சி செல்லாது என்ற செய்தி அவரை உலுக்கியது. தளர்ந்துபோன அந்த முதியவர் பேனாவை எடுத்தார். அடிமை வணிகத்தை ஒழிக்க நாடாளுமன்றத்தில் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்ஸுக்குக் கடிதம் எழுதினார். வில்பர்ஃபோர்ஸுக்கு வயது 31.

சீக்கிரம் வெற்றி கிடைக்கும் என்று வெஸ்லி ஆசை காட்டவில்லை. கடவுளே உங்களை இதற்கென்று எழுப்பியிராவிட்டால் எதிர்ப்பு உங்களைச் சக்கையாக்கிவிடும், அவர் உங்களோடு இருந்தால் யார் எதிர்த்து நிற்க முடியும், நன்மை செய்வதில் சோர்ந்துபோகாதீர்கள் என்ற பொருளில் எழுதினார். கஷ்டத்தை மறைக்காமல் சொன்னதால்தான் அந்த ஆறுதலுக்கு அத்தனை பலம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மார்ச் 2 அன்று வெஸ்லி காலமானார். அடுத்த மாதமே வில்பர்ஃபோர்ஸின் தீர்மானம் 88க்கு 163 என்று தோற்றது. அவர் விடவில்லை; மீண்டும் மீண்டும் கொண்டுவந்தார். 1807இல் அடிமை வணிகத்துக்குத் தடைச் சட்டம் வந்தது.

உங்களுக்குத் தெரிந்த ஒருவரும் நல்ல காரியத்துக்காகத் தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கலாம். இன்றைக்கே அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.