கிளட்ச் மாத்தணுமா? முதல்ல நீங்களே பாருங்க



மாசி மகத்துக்கு பூவராகசுவாமி கிள்ளை கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் புறப்படும்போது ஸ்ரீமுஷ்ணத்தில் கார் ஓட்டியிருக்கீங்களா? சாமிக்கு முன்னாடியும் ஜனம், பின்னாடியும் ஜனம். வண்டி பத்தடி நகரும், நிற்கும், மறுபடி பத்தடி. ஓட்டுகிறவரின் இடது கால் கிளட்ச் பெடலை விட்டு இறங்கவே இறங்காது. அந்த ஹாஃப் கிளட்ச்சில்தான் பிளேட் தேய்கிறது.

ஆனால் தேய்ந்தது நமக்கு உடனே தெரியாது. காரணம் நம்ம பூமி. ஸ்ரீமுஷ்ணத்தில் இருந்து விருத்தாசலம் போனாலும், சேத்தியாத்தோப்பு போனாலும் சமதரைதான். பாதி தேய்ந்த கிளட்ச்கூட சமதரையில் சமாளித்துவிடும். போன வருஷம் என் மாமா குடும்பத்தோடு ஏற்காட்டுக்குப் புறப்பட்டார். சேலம் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதிகூட ஏறவில்லை, ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் கத்துது, வண்டி ஏற மாட்டேங்குது. கருகிய வாடை வேறு. பின்னால் ஒரு பஸ், காருக்குள்ளே பாட்டியும் இரண்டு குழந்தைகளும். அத்தை இறங்கி சக்கரத்துக்குக் கல் வைத்தார். அதனால்தான் இந்தத் தலைப்பில் பேசுகிறேன்.

பிளேட் என்ன வேலை செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் அது அழுத்திப் பிடிக்கப்பட்டிருக்கும். பெடலை மிதித்தால் பிடி விடும், காலை எடுத்தால் பிடிக்கும். மேல்பூச்சு தேய்ந்துபோனால் பிடி நழுவும். எஞ்சின் சுற்றும் வேகம் முழுசாகச் சக்கரத்துக்குப் போகாது.

அப்போ எப்படிக் கண்டுபிடிப்பது? காலி ரோட்டில் நாலாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரை நன்றாக அழுத்துங்க. ஆர்.பி.எம். முள் சட்டென்று ஏறி, வேகமானி முள் அதுக்கு ஏத்த மாதிரி ஏறாமல் சோம்பினால் கிளட்ச் நழுவுகிறது. கூட வருகிறவரை மீட்டர் போர்டை வீடியோ எடுக்கச் சொல்லுங்க. ஓட்டிக்கிட்டே நீங்க போனைத் தொடாதீங்க.

இன்னொரு சோதனை, நின்ற இடத்திலேயே. முன்னால் யாரும் இல்லாத சமதரையில் ஹேண்ட் பிரேக்கை முழுசா இழுத்துவிடுங்க. எஞ்சினை ஓடவிட்டு, கிளட்ச்சை மிதித்து மூணாவது கியர் போட்டு, மெதுவாகக் கிளட்ச்சை விடுங்க. நல்ல கிளட்ச் என்றால் வண்டி உதறிக்கிட்டு எஞ்சின் ஆஃப் ஆயிடும். வண்டியும் நகராமல், எஞ்சினும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட்டுக்கு நேரம் வந்துவிட்டது. இதை ஒரே ஒரு தடவை செய்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் இருக்கிற பிளேட்டையும் நாமே எரித்துவிடுவோம். ஹேண்ட் பிரேக் சரியில்லாத வண்டியில் வேண்டவே வேண்டாம்.

பெடலை ரொம்ப மேலே விட்ட பிறகுதான் வண்டி நகர ஆரம்பிக்கிறது என்பதும் ஓர் அறிகுறி. ஒருநாள் ரிவர்ஸில் மேடேறும்போது வந்த வாடையை மட்டும் வைத்து முடிவு கட்டாதீங்க. அடிக்கடி வந்தால்தான் கவலை.

இனி மறுபக்கம். கிளட்ச் சரியில்லை என்று தோன்றுவதெல்லாம் பிளேட் பிரச்சினை இல்லை. நின்றிருக்கும் வண்டியில் முதல் கியர் விழ மறுக்குது, ரிவர்ஸ் போட்டால் கரகரன்னு சத்தம் வருது என்றால், பிளேட் நழுவவில்லை. முழுசாக விடுபடவில்லை. கேபிள் வைத்த பழைய வண்டிகளில் பல நேரம் கேபிளைச் சரிசெய்தாலே போதும். ஆயிலில் இயங்கும் கிளட்ச் என்றால், பெடல் மெத்தென்று உள்ளே போகும், நாலு தடவை மிதித்தால் சரியாகும். அங்கே ஆயில் கசிவைத்தான் தேட வேண்டும். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே ஆயில் டப்பாதான். அதனால் அளவு குறைந்திருந்தால் தள்ளிப்போடாதீங்க. பெடலை மிதிக்கும்போது மட்டும் கீச்சென்ற சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகப்படலாம்.

மாமா கதைக்கே முன்கதை ஒன்று இருக்கு. ஏற்காட்டுக்கு இரண்டு வருஷம் முன்னாடி கியர் விழவில்லை என்று ஓர் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். ஓட்டிக்கூடப் பார்க்காமல் "முழு செட்டும் போச்சு" என்றார்கள். வேறொருவர் கேபிளைத் திருகிக் கொடுத்தார், சரியாகிவிட்டது. அந்த அனுபவத்தால்தான், உண்மையிலேயே நழுவ ஆரம்பித்தபோதும் "கேபிளாத்தான் இருக்கும்" என்று விட்டுவிட்டார்.

மாற்றுவதென்று முடிவானால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. கியர் பாக்ஸை இறக்கும் கூலிதான் பெரிது. ஒரு பேரிங்குக்காக அதை இரண்டாவது தடவை கொடுக்க வேண்டாமே. பழைய பிளேட்டில் ஆயில் படிந்திருந்தால் ஆயில் சீலையும் பார்க்கச் சொல்லுங்க. இல்லையென்றால் புது பிளேட்டும் நனையும். விருத்தாசலம் பக்கத்துக்காரர்களுக்கு செராமிக் என்றால் பொம்மையும் ஃபியூஸ் கேரியரும்தான் ஞாபகம் வரும். கிளட்ச்சிலும் செராமிக் வகை உண்டு, ஆனால் அது கனரக வண்டிகளுக்கும் பந்தயக் கார்களுக்கும். குடும்பக் காரில் போட்டால் வெடுக் வெடுக்கென்று பிடிக்கும். யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்க.

வேலை தொடங்கும் முன் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்க, வாட்ஸ்அப்பில் வந்தாலும் சரி. கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டுப் படம் எடுத்துக்கோங்க. ஜி.எஸ்.டி. பில்லில் பாகத்தின் பெயரும் வாரண்டியும் இருக்கணும். மாற்றாத பாகத்துக்குப் பணம் வாங்கியதாகத் தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குத் தமிழிலேயே பேசலாம். அங்கே தீரவில்லை என்றால் கடலூரில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். நீங்க கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. அப்போது கையில் இருக்கும் படமும் பில்லும்தான் பேசும்.

வழியிலேயே நழுவ ஆரம்பித்தால்? ஓரங்கட்டி அரைமணி நேரம் ஆறவிடுங்க. பிறகு ஆக்சிலேட்டரை மெல்லத் தொட்டுப் பக்கத்து ஊர் வரை போகலாம், சமதரையாக இருந்தால் மட்டும். மாமா அன்றைக்கு மேலே ஏறவில்லை. வண்டியைத் திருப்பி, இரண்டாவது கியரில் சேலத்துக்கே இறங்கிவிட்டார். குழந்தைகள் ஏற்காட்டைப் பார்த்தது இந்த மே மாசம், புது கிளட்ச்சில்.