பிரதி இயந்திரம்: விலைக்கா, வாடகைக்கா?

கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் கடைத்தெருவைக் கடந்து செல்வோர் 'கொமினிகேஷன்' என்னும் பெயர்ப்பலகையைக் காணாதிருத்தல் அரிது. தொலைபேசியிற் பேசுவதற்கென எழுந்த கடைகள் அவை. கைத்தொலைபேசி வந்த பின்னர் அந்த வியாபாரம் ஓய்ந்தது. பெயர் மட்டும் நிலைத்தது. இன்று அக்கடைகளின் சீவனம் நிழற்பிரதி எடுப்பதிலேயே தங்கியுள்ளது. பாடசாலை, பள்ளிவாசல் நிருவாகம், சட்டத்தரணி அலுவலகம் ஆகிய யாவும் இதே இயந்திரத்தை நாடுகின்றன. அதனை விலைகொடுத்து வாங்குவதா, லீசிங் முறையிற் பெறுவதா, பக்கக் கணக்கில் வாடகைக்கு எடுப்பதா என்பதே கேள்வி.

கேள்வி புதியதன்று. 1959இல் அமெரிக்காவில் அறிமுகமான 'செரொக்ஸ் 914' என்னும் இயந்திரம் ஏறத்தாழ 300 கிலோகிராம் நிறையுடையது. அதன் விலையைக் கேட்டு எந்த அலுவலகமும் பின்வாங்கும் என்பதை உணர்ந்த கொம்பனி, அதனை மாத வாடகைக்குக் கொடுத்தது. 95 டொலர் வாடகை. முதல் 2,000 பிரதிகள் அதனுள் அடங்கும். அதற்கு மேற்பட்ட ஒவ்வொன்றுக்கும் சில சதங்கள். மாதத்துக்கு 2,000 போதும் என்று எண்ணிய அலுவலகங்கள் விரைவில் ஒரு நாளிலேயே அவ்வளவு எடுக்கலாயின. வாடகை மலிவாகத் தோன்றியது; கொம்பனியோ செழித்தது. தன் தேவை எவ்வளவு என்பதை அறியாதவரிடம் வாடகைக்கு விடுபவர் பெறும் இலாபம் இதுவே.

ஆகவே முதலில் ஓர் ஆண்டின் பக்கங்களை எண்ணுதல் வேண்டும். கணக்கின் பொருட்டு, இயந்திரம் 3 இலட்சம் ரூபா, ஆயுள் 60 மாதம் என வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 5,000 ரூபா தேய்கிறது. டோனர், பழுது ஆகியவற்றுக்குப் பக்கத்துக்கு 1 ரூபா. வாடகைக்கு விடுபவர் அவற்றையும் தாமே ஏற்றுப் பக்கத்துக்கு 3 ரூபா கேட்கின்றார். மாதம் 2,500 பக்கத்தில் இரண்டும் சமம். 1,000 பக்கம் எடுக்கும் சிறிய அலுவலகத்துக்குச் சொந்த இயந்திரத்தால் 6,000 ரூபா செலவாகும், வாடகைக்கு 3,000. 5,000 பக்கம் எடுக்கும் கடைக்கோ சொந்தம் 10,000; வாடகை 15,000.

இவ்வளவில் முடிந்துவிட்டால் இலகுதான். பழுதினை யார் தாங்குவது என்பதே பெரிய வினா. மருதமுனையில் தறி பழுதுபட்டால் அதனைச் சீராக்கும் கைகள் ஊரிலேயே உண்டு. பிரதி இயந்திரம் அத்தகையதன்று. கடற்காற்றின் உப்பு உலோகத்தை அரிக்கின்றது. வடகீழ்ப் பருவமழைக் காலத்திலோ தாள் ஈரத்தை உறிஞ்சி உள்ளே சிக்குகின்றது. டிரம் பழுதாகிக் கொழும்பிலிருந்து உதிரிப்பாகம் வரவேண்டுமாயின் அத்தனை நாளும் வருமானம் இல்லை. ஊரிலேயே திருத்துநர் உள்ள இயந்திரத்தை வாங்கலாம். இல்லாததை வாங்குவது, விலை எவ்வளவு மலிவாயினும், பொல்லாப்பு.

லீசிங் முறையில் இவ்வினா இன்னும் கூர்மையடைகின்றது. வழக்கமான நிதிக் குத்தகையில் இயந்திரம் ஓடினும் ஓடாவிடினும் தவணைப்பணம் கட்டவேண்டும். திருத்தச் செலவும் எடுத்தவருடையதே. உடைமையோ கொடுத்தவரிடம்! இஸ்லாமிய வணிக முறையின் 'இஜாரா' இதற்கு மாறானது. உடைமை யாரிடமோ, உடைமைக்குரிய நட்டமும் அவரையே சாரும். எடுத்தவரின் தவறின்றிப் பொருள் பயன்படாது நின்ற காலத்துக்கு வாடகை இல்லை. 2005ஆம் ஆண்டின் வங்கித்தொழில் திருத்தச் சட்டத்தின் பின் இலங்கையில் இம்முறைக்கு வழி பிறந்தது. எனினும் பத்திரத்தின் தலைப்பில் 'இஜாரா' என்றிருத்தல் போதாது. பெரும் பழுது, காப்புறுதி ஆகியவற்றின் பொறுப்பு யார்மீது எழுதப்பட்டுள்ளது என்று வாசித்தறிதல் வேண்டும்.

வாடகைப் பத்திரங்களில் 'ஆகக்குறைந்த கட்டணம்' என்றொரு வரி பெரும்பாலும் உண்டு. முஸ்லிம் பாடசாலைகளுக்கு றமழான் மாதம் விடுமுறை. அம்மாதத்தில் ஒரு தாளும் ஓடாதிருந்தாலும், 3,000 பக்கத்துக்குரிய பணம் கேட்கப்படலாம். ஆண்டில் ஒரு மாதத்தை விலக்கித் தருமாறு கையொப்பத்துக்கு முன் கேட்பதில் வெட்கமில்லை.

விலை உயர்வு பற்றிய வரியும் அவ்வாறே. 2022 மார்ச்சில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சைகள் பிற்போடப்பட்ட ஆண்டு அது. பிறநாட்டு டோனரை நம்பி இயந்திரத்தைச் சொந்தமாக வைத்திருப்பவருக்கு அத்தகைய காலத்தில் கணக்கே புரண்டுவிடும். பக்கவிலை ஈராண்டுக்கு மாறாது என்று எழுதி வாங்கியவர் தப்புவார்.

இன்னுமொன்று. இக்கால இயந்திரங்கள் பலவற்றில் நினைவகத் தட்டு ஒன்று உண்டு. எடுத்த பிரதிகளின் சாயல் அதில் தங்கியிருக்கக்கூடும். காணி உறுதியும் அடையாள அட்டையும் நாள்தோறும் கடந்துபோகும் அலுவலகமாயின், வாடகை முடிந்து இயந்திரத்தை வண்டியில் ஏற்றுமுன், அத்தட்டைத் துடைத்துத் தருவது யார் பொறுப்பு என்பதையும் பத்திரத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.