டயாலிஸிஸ் நோயாளியின் இதயம் நின்றால்

(கிளைக் கூட்டத்தில் சிறுநீரக மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

டயாலிஸிஸ் பற்றிப் பேசும்படி காரியதரிசி கேட்டார். அதில் நம் அகங்களில் பேசத் தயங்கும் ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

டயாலிஸிஸ் செய்துகொள்பவர்களின் திடீர் மரணத்துக்கு முக்கிய காரணம் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடுவதுதான். சிறுநீரகம் வெளியேற்ற முடியாத பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் அப்படி ஆகலாம். வாரத்தில் மூன்று முறை டயாலிஸிஸ் என்றால் ஓர் இடைவெளி மட்டும் நீளமாக இருக்கும். அதன் முடிவில்தான் ஆபத்து அதிகம். அந்தச் சமயம் பார்த்து ஏகாதசி வந்து, சாதத்துக்குப் பதில் வாழைப்பழமும் இளநீரும் என்றால் கேட்க வேண்டாம். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதிலும் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். ரத்தக்கொதிப்புக்கு நல்லது என்று பிள்ளை அக்கறையாக வாங்கி வைத்திருப்பான்!

பொட்டாசியத்தால் நின்ற இதயத்தை மீட்க வழி உண்டு. கால்சியம் ஊசி, குளுகோஸுடன் இன்சுலின், பிறகு டயாலிஸிஸ். அதுவரை மூளைக்கு ரத்தம் போயாக வேண்டும். அகத்தில் ஒருவர் விழுந்து, கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் ஒருவர் 112-ஐ அழைக்கட்டும். மற்றவர் அவரைத் தரையில் கிடத்தி, நடு மார்பில் நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். மெத்தையில் வைத்து அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும்.

ஆனால் வருஷக்கணக்கான டயாலிஸிஸ், சர்க்கரை, பலவீனமான இதயம், எண்பது வயது என்றால் கதை வேறு. அமெரிக்காவில் 2000 முதல் 2011 வரை ஆஸ்பத்திரியில் இப்படி உயிர்ப்பிக்க முயன்ற டயாலிஸிஸ் நோயாளிகளில் சுமார் ஐந்தில் ஒருவர்தான் பிழைத்து டிஸ்சார்ஜ் ஆனார். அவர்களிலும் பாதிப் பேர் அதன்பின் ஐந்து மாதத்துக்கு மேல் இருக்கவில்லை.

நடுராத்திரி ஐ.சி.யு. வாசலில் நான் அடிக்கடி பார்ப்பது இது: பிள்ளை வெளிநாட்டிலிருந்து போனில், "எல்லாம் செய்யுங்கோ டாக்டர்" என்பான். மாமி பேசாமல் நிற்பார். மாமாவுக்கு என்ன இஷ்டம் என்று இருவருக்கும் தெரியாது. மாமாவோ வாரம் மூன்று தடவை, நாலு நாலு மணி நேரம், மெஷின் பக்கத்தில் சும்மா படுத்திருந்தவர்! கேட்க நேரமில்லாமல் இல்லை. கேட்டால் அபசகுனம் என்ற பயம்.

இதற்குச் சட்டம் இடம் தருகிறது. குணமாக வாய்ப்பில்லாத நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பதை உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்றது. 2023-ல் முறையையும் எளிதாக்கியது: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் அத்தாட்சி போதும். இதயம் நின்றால் உயிர்ப்பிக்க முயல வேண்டாம் என்ற முடிவைப் பற்றி ஐ.சி.எம்.ஆர். 2020-ல் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. அப்படி முடிவு செய்தால் டயாலிஸிஸை நிறுத்திவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். மற்ற சிகிச்சைகள் தொடரும். மனசு மாறினால் மாற்றியும் கொள்ளலாம். மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருக்கும் ஐம்பது வயதுக்காரர், "எனக்கு எல்லாம் செய்யணும்" என்றால் அதுவும் சரியான பதில்தான். அதையும் வீட்டாரிடம் சொல்லிவைக்கட்டும்.

கீழ் ஹாலில் மார்பு அழுத்திப் பழக ஒரு பொம்மை வைத்திருக்கிறோம். காபிக்கு முன்னால் ஆளுக்கு இரண்டு நிமிஷம். முழங்கால் வலி உள்ளவர்களுக்குத் தலையணை போட்டிருக்கிறது.