பதினோரு தடவை படித்தேன்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில், சுற்றுவட்டாரப் பள்ளிகளின் பிளஸ் டூ மாணவர்களும் அழைக்கப்பட்டிருந்த காலை அமர்வில் ஆற்றிய உரை)



எப்படிப் படிப்பது என்று பேசச் சொன்னார்கள். நிறைய மார்க் வாங்கியவர் யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். நான் வாங்காதவன்.

1986இல் பிளஸ் டூ எழுதினேன். விடியற்காலை நாலு மணிக்கு அம்மா எழுப்பிவிடுவார். கரிம வேதியியலை மட்டும் பதினோரு தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் அட்டையில் ஒரு கோடு போட்டு வந்ததால் கணக்கு சரியாகத் தெரியும். தேர்வில் கானிசரோ வினை கேட்டார்கள். புத்தகத்தில் வலது பக்கம், கீழே, நான் சிவப்பு மையில் அடிக்கோடிட்ட இடம், எல்லாம் கண்முன் நிற்கிறது. சமன்பாடு மட்டும் வரவில்லை. பென்சால்டிஹைடும் அடர் சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்தால் பென்சைல் ஆல்கஹாலும் சோடியம் பென்சோயேட்டும் கிடைக்கும். இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு முடியவில்லை. 150க்கு 71.

அப்பா திட்டவில்லை. "ராத்திரி பகலாப் படிச்சானே" என்று அம்மாவிடம் மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

பொறியியல் ஆசை அதோடு போயிற்று, இங்கே பி.எஸ்சி. சேர்ந்தேன். (சேர்ந்ததில் வருத்தமில்லை என்பதை முதல்வர் அவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்!) விடுதியில் என் அறை நண்பன் ஆறு மணிவரை தூங்குவான். ஒரு பக்கம் படிப்பான், புத்தகத்தைக் கவிழ்த்து வைப்பான், பழைய காலண்டர்த் தாளின் பின்புறத்தில் எழுதிப் பார்ப்பான். விட்டதை மட்டும் வட்டம் போட்டு மறுபடி பார்ப்பான். "நீ படிக்கறதே இல்லையேடா" என்றேன். "நான்தான்டா படிக்கறேன். நீ புத்தகத்தைப் பாத்துக்கிட்டு இருக்கே" என்றான்.

அவன் சொன்னதற்கு ஆதாரம் பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. ஜெர்மானியர் எப்பிங்ஹாஸ் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து சோதித்து, 1885இல் வெளியிட்டார்: மறதி முதல் ஒரு மணி நேரத்தில்தான் வேகமாக வருகிறது, பிறகு மெதுவாகிறது. 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களில் சிலரை ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கவும், சிலரைப் படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதவும் வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால், திரும்பப் படித்தவர்களே மேல். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், எழுதிப் பார்த்தவர்கள் மேல். அந்த ஐந்து நிமிட வெற்றிதான் என்னை ஏமாற்றியது. மூடினதும் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும்!

நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. எட்டு மணி நேரம் படிக்கிறேன் என்று சொல்லும் பிள்ளையிடம், நேற்று நடந்ததை மணிவாரியாக எழுதச் சொல்வேன். பள்ளி, பஸ், டியூஷன், சாப்பாடு, ஏழு மணி நேரத் தூக்கம் போக மூன்று மணி நேரம் மிஞ்சினால் அதிகம். தூக்கத்தில் கைவைக்காதீர்கள். அந்த மூன்றில் முதல் இருபது நிமிடம், நேற்றைய பாடத்தைப் பார்க்காமல் எழுதுங்கள். அதையே அடுத்த வாரம் இன்னொரு தடவை. செல்போன் அம்மாவிடம் இருக்கட்டும். டைம்டேபிளில் கலர் கலராக எல்லாக் கட்டத்தையும் நிரப்பாதீர்கள், மூன்றாம் நாளே கிழிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மதியத்தைக் காலியாக விடுங்கள். அந்த வாரம் விட்டுப்போனதெல்லாம் அங்கேதான் வந்து உட்காரும்.

பெற்றோரும் சிலர் வந்திருக்கிறீர்கள். "படி, படி" என்பதற்குப் பதிலாக, "இன்னிக்கு என்ன படிச்சே, சொல்லு கேப்போம்" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரிய வேண்டியதில்லை. என் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நான் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். எங்கே திக்கினேன் என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்வி இருப்பவர்கள் மதியச் சாப்பாட்டுப் பந்தலில் என்னைப் பிடிக்கலாம்.