ஏழு சீரில் ஒரு பேர்

(களுதாவளையில் நடந்த சங்கக் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் இந்த ஊர் வெற்றிலைத் தோட்டங்களைப் பார்த்தோம். கொழுந்து கிள்ளும் நமக்கு வெற்றிலை கிள்ளும் கைகளைப் பார்க்கச் சந்தோஷம்தான். இந்த மட்டக்களப்பு மண்ணில் ‘கவி’ என்றால் நாலு வரி. பள்ளிக்கூடம் போகாதவர்களும் அந்த நாலு வரிக்குள் காதலையும் கோபத்தையும் பாடி வைத்தார்கள்.

நம்மிடமும் பாட்டு இருந்தது. மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போன சி.வி. வேலுப்பிள்ளை, நம் பாட்டிமார் பாடியவற்றைத் திரட்டி ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று புத்தகமாக்கினார். அதில் சேராதவை பாடியவர்களோடு போய்விட்டன. இன்று லயத்தில் யார் பாடுகிறார்கள்? அம்மா வாயெடுத்தால் பிள்ளைக்கு வெட்கம்.

பாடாவிட்டால் எழுதுவோம். சின்னதாக, குறள் வெண்பாவில். முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று. திருக்குறள் 1330க்கும் இதே அளவு.

போன மாதம் நாங்கள் சிலர் கூடி அரைப்பேர் பற்றி எழுதினோம். முதலில் ஒரு பக்கம் வந்தது. மழை, அட்டைக்கடி, தராசு, சாக்குக்கென்று கழித்த கிலோ எல்லாம் இருந்தன. வாசித்தால் மனுப் போல இருந்தது. (நம் மனுக்களை யார் வாசிக்கிறார்கள் என்பது வேறு கதை.) வெட்டினோம். அட்டையை விட மனமில்லை, அதுவும் போனது. கடைசியில் மிஞ்சியது இது:

கூடை நிறைந்தும் குறையென்பார் கங்காணி
பாடுபட்டும் பேரோ அரை

‘என்பான்’ என்றுதான் முதலில் இருந்தது. கங்காணியும் நம் லயத்து ஆள்தானே, மரியாதை எதற்குக் குறைய வேண்டும் என்று ஒரு அக்கா கேட்டார். மாற்றினோம், அளவு கெடவில்லை.

‘கூடை’, ‘பாடு’ இரண்டிலும் இரண்டாம் எழுத்து டகர இனம். அதுதான் எதுகை. கடைசிச் சீர் குட்டையாக முடிய வேண்டும் என்பது விதி. ‘அரை’ என்று சட்டென நின்றபோது சம்பளத் துண்டைக் கையில் வாங்கியது போலவே இருந்தது. சீரோடு சீர் சேர்வதற்கும் விதி உண்டு. அதை நாளைக் காலை சொல்லித் தருகிறோம். இன்றிரவு ஏழை மட்டும் எண்ணுங்கள்.

தாளும் பேனையும் பின்வரிசையில் இருக்கின்றன. எழுதத் தெரியாத அம்மாமார் சொல்லுங்கள், பிள்ளைகள் எழுதட்டும். கீழே உங்கள் பேர் போடப் பயமென்றால் போட வேண்டாம். தோட்டத்தின் பேரும் வேண்டாம். அடுத்த இதழில் அப்படியே அச்சிடுவோம்.